சிறுநகரப் பாப்டிஸ்ட் சபையின் வரலாறு எழுத வேண்டும்: பழைய மினிட்ஸ் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

ஏட்டுப்பிள்ளை:

ஜார்ஜியா மாநிலத்துச் சிறுநகரம் ஒன்றில் இருக்கும் பாப்டிஸ்ட் சபைக்குப் பத்துப் பக்கத்தில் வரலாறும் விசுவாசமும் எழுதித் தர வேண்டும். கையில் இருப்பவை: 1850களில் தொடங்கி 1880களில் முடியும் கையெழுத்து மினிட்ஸ் புத்தகம், 1900களின் தொடக்கத்திலிருந்து இன்னொன்று, நிலப் பத்திரத்தின் நகல், ஆலயச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சபை உடன்படிக்கை (இப்படி வாழ்வோம் என்று சபையார் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு). பேராயர், திருமண்டலம், சேகரம் என்று பழகிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆளுக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் கூட்டக் குறிப்பு இருக்கிறது. மற்ற வாரங்களில் ஆராதனையே கிடையாதா? ஆட்கள் 'கடிதத்தால்' சேர்கிறார்கள், 'அனுபவத்தால்' சேர்கிறார்கள், பிறகு பலர் நீக்கப்படுகிறார்கள். பழைய பெயரில் 'மிஷனரி' என்று இருக்கிறது, இப்போதைய பெயரில் இல்லை. இவர்களுடைய விசுவாசம் இன்னதென்று எந்த ஆவணத்தை வைத்து எழுதுவது? நடுவில் இருபது வருடப் பதிவைக் காணோம், அதை எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிக்கூண்டு:

விசுவாசத்தை முதலில் பிடியுங்கள். மினிட்ஸ் பாதி தானாகப் புரிந்துவிடும்.

பாப்டிஸ்டுகள் ஆளைத் தண்ணீரில் அமிழ்த்தி முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: யார் சபை? மனந்திரும்பி, அதைத் தன் வாயாலேயே அறிக்கையிட்டவர்கள் மட்டும்தான் சபை என்பது பாப்டிஸ்டுகளின் பதில். கைக்குழந்தை அறிக்கையிட முடியாது, ஆகவே குழந்தை ஞானஸ்நானம் இல்லை. அது இல்லாததால், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் இல்லை. இப்படி அறிக்கையிட்டவர்கள் ஓரிடத்தில் உடன்படிக்கை செய்து கூடினால், அந்த ஒரு கூட்டமே முழுமையான சபை. அதற்கு மேலே அதிகாரம் செய்ய யாரும் கிடையாது. போதகரை அழைப்பது, அனுப்புவது, ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, கூரைக்குத் தகரம் போடுவது வரை எல்லாம் சபையார் ஓட்டு. போதகர், உதவிக்காரர் என்று இரண்டே பொறுப்புகள். ஞானஸ்நானம், திருவிருந்து என்று இரண்டே நியமங்கள். அவை கிருபையை உண்டாக்குவதாக இவர்கள் சொல்வதில்லை. கர்த்தர் கட்டளையிட்டதால் செய்கிறோம், முன்பே நடந்ததை அது காட்டுகிறது என்பார்கள். அரசு மனசாட்சியில் கை வைக்கக் கூடாது என்பதும் தொடக்கத்திலிருந்தே இவர்களுடைய பிடிவாதம். கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் 1802-ல் எழுதிய கடிதத்தில்தான் மதத்துக்கும் அரசுக்கும் நடுவே மதில் என்ற பேச்சு வருகிறது.

வரலாறு எழுதுபவருக்கு இதன் விளைவு நேரடியானது. பேராயர் அலுவலகம் இல்லாத இடத்தில் பேராயர் அலுவலக ஆவண அறையும் இருக்காது. சபை எழுத்தர் வீட்டு அலமாரிதான் காப்பகம். அந்த வீடு எரிந்தால் அந்தக் காலமும் போயிற்று. ஞானஸ்நானத் தேதியை வைத்து ஒருவரின் பிறந்த வருடத்தைக் கணிக்கவும் முடியாது. 12 வயதிலும் எடுப்பார்கள், 60 வயதிலும் எடுப்பார்கள்.

தோற்றத்துக்கு இரண்டு பத்தி போதும். 1609-ல் ஆம்ஸ்டர்டாமில் அகதியாக இருந்த ஆங்கிலேயர் ஜான் ஸ்மித் தனக்கும் தன் கூட்டத்தாருக்கும் விசுவாச ஞானஸ்நானம் கொடுத்தார் (அப்போது தண்ணீர் ஊற்றித்தான். முழுக்கு 1640களில் நிலைபெற்றது, 1644 லண்டன் அறிக்கை அதை எழுத்தில் வைத்தது). அவருடைய கூட்டத்தில் இருந்த தாமஸ் ஹெல்விஸ் 1612-ல் லண்டன் திரும்பி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் சபை தொடங்கினார். அமெரிக்காவில் ராஜர் வில்லியம்ஸ் பிராவிடன்ஸில் 1638 வாக்கில் தொடங்கியதும், 1707-ல் ஐந்து சபைகள் சேர்ந்து அமைத்த பிலடெல்பியா சங்கமும் ஒரு கிளை. உங்கள் ஜார்ஜியாவுக்கு முக்கியம் இன்னொரு கிளை: 1755-ல் வட கரோலினாவின் சாண்டி கிரீக்கில் ஷூபல் ஸ்டேர்ன்ஸ் தொடங்கிய எழுப்புதல் கூட்டம். அவருடைய மைத்துனர் டேனியல் மார்ஷல்தான் 1772-ல் கியோக்கியில் ஜார்ஜியாவின் முதல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார். ஜார்ஜியா சங்கம் 1784-ல் வந்தது. பிலடெல்பியாவின் கட்டுக்கோப்பும் சாண்டி கிரீக்கின் கண்ணீரும் சத்தமும் தெற்கத்திச் சிறுநகரச் சபைகளில் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

யோவான் ஸ்நானகன் காலத்திலிருந்து அறுபடாத சங்கிலி என்று பழைய சபை வெளியீடுகளில் படித்தால் அப்படியே நகலெடுக்காதீர்கள். அது ஒரு பிரிவின் போதனை. வரலாற்று ஆதாரம் அதற்கு இல்லை.

கடைசிபெஞ்ச்:

மாதம் ஒரு சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஒரே போதகர் நான்கு சபைகளைப் பார்த்துக்கொள்வார். முதல் வாரம் ஒரு சபை, இரண்டாம் வாரம் அடுத்தது. அவர் வரும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சபைக் கூட்டம், மறுநாள் ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் ஜனங்கள் பக்கத்துச் சபைகளுக்குப் போனார்கள், அல்லது போதகர் இல்லாமலே ஞாயிறு பள்ளி நடத்தினார்கள். ஐந்தாவது ஞாயிறு வரும் மாதங்களில் சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்து கூட்டம் போடும். மாதம் இரண்டு ஞாயிறு, பிறகு எல்லா ஞாயிறும் என்று மாற்ற ஓட்டெடுத்த தேதிகளைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ரயில் பாதையோ பஞ்சாலையோ வந்து ஊரில் காசு புழங்கத் தொடங்கிய காலமாக இருக்கும். ஓடையின் பெயரைத் தாங்கிய சபை நகரத்துக்குள் இடம்பெயர்ந்து, ஊர்ப் பெயரோடு 'முதல்' என்பதைச் சேர்த்துக்கொள்வதும் அதே காலத்தில்தான்.

கூட்டத்துக்கு மாறாத ஒரு வரிசை உண்டு. வந்திருக்கும் வெளிச்சபையாரை உட்கார அழைப்பார்கள். ஐக்கியத்தில் குறை உண்டா என்று கேட்பார்கள். போன மாதம் தள்ளிவைத்ததை எடுப்பார்கள். பிறகு 'சபைக் கதவு திறக்கப்பட்டது' என்று வரும். ஆள் சேர விரும்பினால் முன்வரலாம் என்பதே அதன் பொருள். கதவைப் பழுதுபார்த்த செலவு என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள்!

'அனுபவத்தால்' என்றால், தேவன் தன்னை எப்படி இரட்சித்தார் என்பதை அந்த ஆள் சபைமுன் எழுந்து சொல்லி, சபை ஓட்டெடுத்து ஏற்றது. ஞானஸ்நானம் அதற்குப் பின்னால் வரும், பெரும்பாலும் மறுநாள் ஓடையில். 'கடிதத்தால்' என்றால் வேறு பாப்டிஸ்ட் சபையிலிருந்து நற்சாட்சிக் கடிதத்தோடு வந்தவர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்கள் என்றால் அன்றே அவர் ஊரைவிட்டுப் போனார் என்று அர்த்தமில்லை. அடுத்த சபையில் சேரும்வரை அவர் பழைய சபையின் அங்கத்தினர்தான். கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பல வருடம் அதே ஊரில் இருந்தவர்களும் உண்டு. 'மீட்டுச் சேர்க்கப்பட்டார்' என்றால் முன்பு நீக்கப்பட்டவர். 'வாய்மொழியால்' என்றால் கடிதம் தொலைந்துபோனவர், அல்லது பழைய சபையே கலைந்துபோனவர்.

நீக்கம் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், மத்தேயு 18:15-17-ஐ அவர்கள் நடைமுறைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். குடிவெறி, நடனம், சண்டை, தூஷணப் பேச்சு, கடனைத் திருப்பாதது, தொடர்ந்து வராமலிருப்பது எல்லாம் குற்றம். இரண்டு மூன்று சகோதரர்களைக் குழுவாக அனுப்பி அடுத்த கூட்டத்துக்கு வரச்சொல்வார்கள். வந்து ஒப்புக்கொண்டு வருத்தப்பட்டால் மன்னிப்பு, வரவே மறுத்தால் நீக்கம். ஆகவே நீக்கப்பட்ட காரணம் 'சபையை அவமதித்தார்' என்று இருந்தால் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள், அசல் குற்றச்சாட்டு அங்கே இருக்கும். ஒரே பெயர் நீக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் திரும்பத் திரும்ப வரும். பெயர்ப்பட்டியலை மட்டும் எண்ணி அங்கத்தினர் தொகை போட்டால் கணக்கு தப்பும். உங்கள் இரண்டாம் புத்தகத்தில் நீக்கங்கள் அநேகமாக வெகுவாகக் குறைந்திருக்கும். 20-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் மெல்ல ஓய்ந்துவிட்டது.

1865-க்கு முந்தைய பக்கங்களில் இன்னொன்றையும் தேடுங்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின அங்கத்தினர்களை முதற்பெயரோடும், இன்னாருக்குச் சொந்தம் என்ற குறிப்போடும் தனிப் பட்டியலில் எழுதியிருப்பார்கள். அவர்களும் அனுபவம் சொல்லித்தான் சேர்ந்தார்கள், அதே ஓடையில்தான் முழுக்கெடுத்தார்கள். உட்கார இடம் மட்டும் பின்னால் அல்லது மாடத்தில். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர்கள் கூட்டமாகக் கடிதம் பெற்றுச் சொந்தச் சபை தொடங்கியிருப்பார்கள், அல்லது கடிதமே கேட்காமல் போயிருப்பார்கள். அந்தச் சபை அதே ஊரில் இன்றும் இருக்கலாம். அதன் வரலாற்றின் முதல் அத்தியாயம் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் கிடக்கிறது. அதை ஒரே வரியில் தாண்டிப் போகும் சபை வரலாறுகள் ஏராளம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பெயர்கள் அனைத்தையும் அச்சிடுங்கள். வழித்தோன்றல்களுக்குப் பல சமயம் வேறு ஆவணமே கிடையாது.

செல்லரித்த பக்கம்:

விசுவாச ஆவணம் பற்றி. சுவரில் இருப்பதும் மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருப்பதும் ஒன்றா என்று முதலில் ஒப்பிடுங்கள். சுவரில் மாட்டுவது பெரும்பாலும் ஜே. நியூட்டன் பிரவுன் 1853-ல் வெளியிட்ட சபைக் கையேட்டிலிருந்து வந்த உடன்படிக்கை. அச்சிட்ட தாளாக ஆயிரக்கணக்கான சபைகள் வாங்கி மாட்டின. மதுபானத்தை விற்பதும் பானமாக அருந்துவதும் இல்லை என்ற வாக்கும், ஊர் மாறிப்போனால் இதே மாதிரியான சபையில் சீக்கிரம் சேர்வோம் என்ற வாக்கும் அதில் இருந்தால் அதுதான். கையெழுத்துப் பிரதியில் மது பற்றிய வரி இல்லையென்றால், சபை தொடங்கியபோது இருந்த உடன்படிக்கை வேறு, சுவரில் இருப்பது பிற்பாடு வந்தது. ஆரம்பகாலக் குற்றச்சாட்டுகள் குடிப்பதைப் பற்றியா, அளவுமீறிக் குடிப்பதைப் பற்றியா என்று பாருங்கள். அந்த மாற்றமே ஒரு பத்தி எழுத வைக்கும். ஜார்ஜியா மாநிலம் முழுவதும் மதுவிலக்குச் சட்டம் 1907-ல் நிறைவேறி 1908-ல் அமலானது.

விசுவாச அறிக்கையின் வாசகமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். உலகத் தோற்றத்துக்கு முன்னான தெரிந்துகொள்ளுதல், பரிசுத்தவான்களின் கடைசிவரை நிலைத்திருத்தல் என்று கால்வின் (இரட்சிக்கப்படுவோரைத் தேவனே முன்குறித்தார் என்று போதித்த சீர்திருத்தவாதி) வாடை தூக்கலாக இருந்தால், அது 1689 லண்டன் அறிக்கையிலிருந்தும் அதைத் தழுவிய 1742 பிலடெல்பியா அறிக்கையிலிருந்தும் இறங்கிவந்த சுருக்கம். அதே விஷயங்களை மென்மையாகச் சொல்லி, சுவிசேஷ அழைப்பு எல்லாருக்கும் உண்டு என்று அழுத்தினால் 1833 நியூ ஹாம்ப்ஷயர் அறிக்கை. தெற்கத்திச் சபைகளின் கூட்டமைப்பாகத் தொடங்கிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1925-ல் ஏற்ற அறிக்கை அதை அடிப்படையாகக் கொண்டது. 1963-லும் 2000-லும் அதைத் திருத்தினார்கள். இப்போது சபை எந்த வருடப் பதிப்பை ஏற்றிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். எல்லாச் சபையும் 2000 பதிப்புக்கு மாறிவிடவில்லை. பெண்கள் போதகராவது குறித்து 2000 பதிப்பு வெளிப்படையாகத் தடை சொல்வதால், வருடம் தவறினால் விசுவாசமே தவறிவிடும். எதை ஏற்றாலும் அந்தச் சபையின் ஓட்டுதான் அதை ஏற்றது. கன்வென்ஷன் எந்தச் சபைக்கும் உத்தரவு போட முடியாது. வேண்டுமானால் தன் ஐக்கியத்திலிருந்து விலக்கலாம், அவ்வளவுதான்.

'மிஷனரி' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அமெரிக்க மிஷனரி ஆதொனிராம் ஜட்சன் 1812-ல் இந்தியா நோக்கி வந்த கப்பலில் ஞானஸ்நானத்தைப் பற்றி ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியின் உடன் ஊழியர் வில்லியம் வார்டிடம் முழுக்கு எடுத்தார். தோழர் லூதர் ரைசும் அதே வருடம் எடுத்து, ஆதரவு திரட்ட அமெரிக்கா திரும்பினார். அதன் விளைவுதான் 1814-ல் பிலடெல்பியாவில் உருவான தேசிய மிஷன் அமைப்பு. உடனே எதிர்ப்பும் கிளம்பியது: மிஷன் சங்கம், ஞாயிறு பள்ளி, வேதாகமக் கல்லூரி எதுவும் வேதத்தில் இல்லை, சபைக்கு வெளியே ஓர் அதிகாரத்தைக் கட்டுகிறீர்கள் என்று. 1832-ல் மேரிலாந்தின் பிளாக் ராக்கில் கூடியவர்கள் இதை அறிக்கையாகவே வெளியிட்டார்கள். அவர்கள் வழியினர் பிரிமிட்டிவ் பாப்டிஸ்டுகள். இன்றும் பெரும்பாலும் ஞாயிறு பள்ளி இல்லை, இசைக்கருவி இல்லை, கால் கழுவுதல் உண்டு. ஒரே ஊரில் இரண்டு வகையும் இருந்தபோது, நாங்கள் அவர்கள் இல்லை என்று காட்ட 'மிஷனரி' என்று போட்டுக்கொண்டார்கள். பிரிவினைச் சூடு ஆறியதும் பெயரும் உதிர்ந்தது.

1845-ஐ மழுப்ப வேண்டாம். அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக நியமிக்க முடியாது என்ற நிலை வந்தபோது தெற்கத்தியர் பிரிந்து, ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனை அமைத்தார்கள். அதே கன்வென்ஷன் 1995-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. உங்கள் சபை 1850களில் பிறந்ததால் இந்தப் பின்னணியிலேயே பிறந்திருக்கிறது.

காணாமல்போன இருபது வருடத்துக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு சபையும் வருடம் ஒருமுறை, பெரும்பாலும் பயிர் வேலை ஓய்ந்த ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவே, தன் மாவட்டச் சங்கத்துக்குக் கடிதமும் தூதர்களும் அனுப்பும். சங்கம் அச்சிட்ட மினிட்ஸில் சபைவாரியாக அட்டவணை உண்டு: ஞானஸ்நானம், கடிதத்தால் சேர்ந்தவர், கடிதம் பெற்றவர், நீக்கம், மீட்பு, மரணம், மொத்தம், போதகர் பெயர், எழுத்தர் பெயர், காணிக்கை. அதை வைத்து இருபது வருடத்துக்கும் எலும்புக்கூடு கட்டிவிடலாம். ஒரு வருடம் போன வருட எண்ணிக்கையே மாறாமல் வந்தால், அந்த வருடம் கடிதம் வராததால் பழைய கணக்கையே போட்டார்களா என்று சந்தேகப்படுங்கள். மேக்கன் நகரில் மெர்சர் பல்கலைக்கழக டார்வர் நூலகத்தில் ஜார்ஜியா பாப்டிஸ்ட் ஆவணத் தொகுப்பு இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். பல சபைகளின் மினிட்ஸ் மைக்ரோஃபிலிமாகவும் அங்கே உண்டு. அடுத்தது நாஷ்வில்லில் சதர்ன் பாப்டிஸ்ட் வரலாற்று நூலகம். 'கிறிஸ்டியன் இண்டெக்ஸ்' 1833-லிருந்து ஜார்ஜியாவில் வெளிவந்த பத்திரிகை. மரண அறிவிப்பு, எழுப்புதல் கூட்டச் செய்தி, புது ஆலயப் பிரதிஷ்டை எல்லாம் அதில் கிடைக்கும்.

நிலப் பத்திரத்தில் பெயர் யாருக்கு என்று பாருங்கள். சபையின் தர்மகர்த்தாக்கள் பெயரில் இருக்கும். சபைக்காகப் பயன்படும்வரை மட்டுமே, பிறகு நிலம் கொடுத்தவரின் வாரிசுக்கு என்ற நிபந்தனை இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். பத்திரத் தேதி சபை தொடங்கிய தேதி ஆகாது. பல சபைகள் பள்ளிக்கூடத்திலோ ஓலைப் பந்தலிலோ சில வருடம் கூடிவிட்டுத்தான் நிலம் வாங்கின. தொடங்கிய தேதி என்பது, தாய்ச்சபையிலிருந்து கடிதத்தோடு வந்தவர்களை அழைக்கப்பட்ட போதகர்கள் விசாரித்து, உடன்படிக்கையையும் அறிக்கையையும் வாசித்து, வலது கை கொடுத்துச் சபையாக அறிவித்த நாள்.

ஏட்டுப்பிள்ளை:

அனைவருக்கும் நன்றி. சுவரில் இருப்பதில் மது வரி இருக்கிறது, புத்தகத்தில் இருப்பதில் இல்லை! இரண்டு சந்தேகம் மிச்சம். 1920களில் 'குளம்' கட்ட நிதி திரட்டியதாக ஒரு தீர்மானம் இருக்கிறது, அது ஞானஸ்நானத் தொட்டியா? நீக்கப்பட்டவர்களின் பெயர், குற்றம் எல்லாவற்றையும் அச்சிடலாமா?

நீர்த்துறை:

தொட்டியேதான். ஓடையில் கொடுத்துவந்ததை ஆலயத்துக்குள் கொண்டுவந்த காலம். வழக்கமாகப் பிரசங்க மேடைக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், இருபுறமும் படியோடு இருக்கும். பின்சுவரில் யோர்தான் நதிக் காட்சி வரைந்திருப்பார்கள். அது இருந்தால் எப்போது வரைந்தது என்று விசாரியுங்கள். தண்ணீர் பெரியவர் இடுப்பளவுக்கு இருக்க வேண்டும். குறைந்தால் ஆளை முழுதும் அமிழ்த்தக் குனிந்து போதகரின் முதுகு போய்விடும், கூடினால் குள்ளமானவருக்கு நிலைகொள்ளாது. போதகர் ஒரு கையை முதுகுக்கு, மறுகையை மார்பில் கோத்த கைகளுக்குக் கொடுத்து, மல்லாக்கச் சாய்த்து எடுப்பார். ரோமர் 6-ல் அடக்கமும் உயிர்த்தெழுதலும் என்று வருவதன் காட்சி அது. முழங்காலை லேசாக மடக்கச் சொல்லாவிட்டால் கால் வழுக்கி மேலே வந்துவிடும். அங்கி மிதக்காமலிருக்க ஓரத்தில் ஈயக்குண்டு வைத்துத் தைப்பார்கள். தொட்டியில் நிற்பவர் கம்பியுள்ள மைக்கைத் தொடவே கூடாது. 2005-ல் டெக்சாஸின் வேகோ நகரில் ஒரு போதகர் அப்படித்தான் மின்சாரம் தாக்கி இறந்தார்.

தொட்டிக் காலத்தோடு திருவிருந்தையும் சேர்த்துப் பாருங்கள். பொதுக்கிண்ணத்திலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களுக்கு மாற்ற ஓட்டெடுத்த தீர்மானம் எங்காவது இருக்கும். திராட்சரசம் மதுவாக இருந்து சாறாக மாறியதும் அதே கால ஓட்டத்தில்தான். அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்பவர் 1869-ல் சாற்றைப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டபின் அது சாத்தியமானது. பந்தியில் யாரை அனுமதித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 1851-ல் டென்னசியில் ஜே. ஆர். கிரேவ்ஸ் தொடங்கிய லேண்ட்மார்க் போதனை தெற்கில் ஆழமாக வேரோடியது. அந்தப் போதனைக்காரர்கள் வேறு பிரிவினர் முழுக்கே கொடுத்திருந்தாலும் அதை ஏற்க மாட்டார்கள், பந்தியிலும் சேர்க்க மாட்டார்கள். மெதடிஸ்ட் ஒருவரை மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்த குறிப்புக்கு மட்டும் இந்தப் போதனையைக் காரணமாக்காதீர்கள், தெளிப்பு ஞானஸ்நானத்தைத் தெற்கத்திப் பாப்டிஸ்ட் சபைகள் பொதுவாகவே அப்போது ஏற்கவில்லை. முழுக்கு எடுத்தவரையே மறுபடி முழுக்கினார்களா என்பதுதான் அடையாளம்.

கடைசிபெஞ்ச்:

நீக்கப்பட்டவர் பெயர் விஷயத்தில் என் கருத்து: சிறுநகரத்தில் அதே குடும்பப் பெயர்கள் இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டு வழக்குகளை வகைவாரியாக எண்ணிக்கையோடு கொடுங்கள், ஒன்றிரண்டைப் பெயரில்லாமல் விவரியுங்கள். ஒழுங்கு நடவடிக்கை எப்படி நடந்தது என்பது வாசகருக்குப் புரிய அது போதும். இரண்டாம் புத்தகத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம். எதை அச்சிட்டாலும் முதலில் சபைக் கூட்டத்தில் வைத்து அனுமதித் தீர்மானம் வாங்கிவிடுங்கள். மினிட்ஸ் புத்தகம் போதகருடையதும் அல்ல, எழுத்தருடையதும் அல்ல, சபையாருடையது. ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுத்து ஒரு பிரதியை மெர்சர் நூலகத்துக்கு அனுப்பும் யோசனையையும் அதே கூட்டத்தில் ஓட்டுக்கு விடுங்கள்.